அசனப் பந்தியில் எச்சில் இலை எடுப்பது யார்?

எங்கள் ஊர்க் கோயில் வாசலில் 'அனைவரும் வருக' என்று பலகை தொங்குகிறது. அசனப் பண்டிகையன்று எல்லோரும் ஒரே பந்தியில்தான் உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடித்ததும் எச்சில் இலை எடுக்க மட்டும் எங்கள் தெருப் பையன்களைக் கமிட்டிக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "எங்கள மட்டும் ஏன் அண்ணாச்சி கூப்பிடுறீங்க?" என்று கேட்டேன். "கோயில் காரியத்துல சாதிய இழுக்காதப்பா" என்றார். சாதி பார்த்தவர் அவர். சாதியை இழுத்தவன் நானாம்!

சேகர ஐயரிடம் புகார் சொன்னேன். அவர் கமிட்டியைக் கேட்டார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது கமிட்டி. விசாரணை முடிந்தது.

1947இல் ஆங்கிலிக்கன்களும் வேறு சில சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கியது தென்னிந்தியத் திருச்சபை. சாதி பாவம் என்று அதற்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1833லேயே கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட்டொழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலை விட்டார்கள், சாதியை விடவில்லை. ஆக, அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. மீறியவர்மேல் யாரிடம் புகார் சொல்வது என்பதற்குத்தான் பதில் இல்லை.

"சபைக் காரியத்தைச் சபைக்குள்ளேயே தீர்த்துக்கொள்வோம்" என்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். கிறிஸ்தவ முகாம்களுக்கு வந்த சிறுவர்களை ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர் இரத்தம் வரப் பிரம்பால் அடித்தது 1982லேயே குருமார் சிலருக்குத் தெரியும். அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. அவர் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் சிறுவர்களை அடித்தார். 2024 நவம்பரில் மேக்கின் அறிக்கை இதையெல்லாம் வெளியிட்ட பிறகுதான் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகல் அறிவித்தார். வழக்கு விசாரணையைச் சந்திக்காமலேயே ஸ்மித் 2018இல் செத்துப்போயிருந்தார். சபையின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை.

எங்களுக்கு வெளியே போகவும் வழி குறைவு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்குக் கைகொடுப்பதில்லை. அரசு கைவிட்ட இடத்தில் சபையும் கைவிட்டால் நாங்கள் எங்கே போவது?

தோழர்களே, நாம் கேட்பது இரக்கம் அல்ல. ஒவ்வொரு திருமண்டலத்திலும் பேராயரின் கைக்கு அப்பாற்பட்ட ஒரு புகார்க்குழு வேண்டும். அதில் சபைக்கு வெளியே உள்ளவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டமே உள்ளகக் குழுவில் வெளியாள் ஒருவரைக் கட்டாயமாக்குகிறதே, சபைக்கு மட்டும் என்ன தயக்கம்? சாதி இழிவு, பெண்கள்மீதும் சிறுவர்மீதும் நடக்கும் அத்துமீறல், திருநங்கையை வாசலிலேயே நிறுத்துவது எல்லாமே அங்கே புகாராக ஏற்கப்பட வேண்டும். குற்றம் என்றால் அன்றைக்கே போலீசுக்குப் போக வேண்டும்.

கோயிலை விட்டுப் போய்விடு என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். என் பாட்டி கல் சுமந்து கட்டிய கோயில் அது. நான் ஏன் போக வேண்டும்? அடுத்த அசனத்துக்கும் போவேன். இலை எடுக்கக் கூப்பிட்டால் எடுப்பேன், கமிட்டிக்காரரும் என்னோடு சேர்ந்து குனிவதானால்.