டெலிபோனில் சொன்ன ‘சரி’

முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் என்ற எண்ணம் மும்பைத் தமிழ் வியாபாரிகள் பலரிடம் இன்றும் இருக்கிறது. தாராவியில் தோல்பை தைக்கும் ஒருவர், சென்னைக் கடைக்காரர் டெலிபோனில் சொன்னதை நம்பிப் பத்து டஜன் பைகளைத் தைத்து முடிக்கிறார். ‘சரக்கு வேண்டாம்’ என்று பிறகு பதில் வருகிறது. ‘எழுத்தில் ஒன்றும் இல்லையே’ என்று இவரும் நஷ்டத்தை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார். சும்மா இருக்க வேண்டியதில்லை.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சரக்குக்கு விலை என்ற கொடுக்கல் வாங்கலில் ஒருவர் ஒரு யோசனையைச் சொல்லி, மற்றவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், வாய்ச்சொல்லே இருவரையும் கட்டுப்படுத்தும். நிலம், வீடு விற்பனை வேறு விஷயம். அதற்குப் பத்திரமும் பதிவும் வேண்டும். ‘பார்க்கலாம்’ என்பது சம்மதம் ஆகாது. ‘பத்து ரூபாய் குறைத்தால் சரி’ என்பதும் சம்மதம் அல்ல, புது யோசனை.

வாய்ச்சொல் கட்டும் என்றே வைத்துக்கொள்வோம். வழக்கை எந்த ஊரில் போடுவது? வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு ரயிலேற அந்தத் தாராவிக்காரரால் முடியுமா? ஒப்பந்தம் உருவான ஊரின் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்பது விதி. ஒருவர் மும்பையிலும் மற்றவர் சென்னையிலும் இருந்து பேசினால், அது எந்த ஊரில் உருவானது?

இந்தக் கேள்வி ஒரு பிண்ணாக்கு வியாபாரத்தில் எழுந்தது. 1959 ஜூலை 22-ந் தேதி ஆமதாபாத் வியாபாரி ஒருவர், இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள காம்காவ் ஊர் மில்லுக்கு டெலிபோன் செய்து பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு கேட்டார். மில்காரர்கள் சம்மதித்தார்கள். சரக்கு வரவில்லை என்று ரூ.31,150 கேட்டு ஆமதாபாத் சிட்டி சிவில் கோர்ட்டில் வழக்கு. ‘நாங்கள் சம்மதம் சொன்னது காம்காவில், ஆமதாபாத் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை’ என்றது மில் தரப்பு.

கடிதமாக இருந்தால் அந்த வாதம் எடுபட்டிருக்கும். சம்மதக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த உடனேயே யோசனை சொன்னவர் கட்டுப்பட்டுவிடுகிறார். சம்மதித்தவரோ, அது போய்ச் சேரும்வரை வேறு வழியில் முந்திக்கொண்டு வாபஸ் வாங்கலாம். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு!

டெலிபோனுக்கு அந்த விதி பொருந்தாது என்று 1965 ஆகஸ்ட் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சம்மதம் காதில் விழுந்த இடமே ஒப்பந்தம் உருவான இடம், அதாவது ஆமதாபாத். நீதிபதி ஹிதாயத்துல்லா மட்டும், சட்டத்தின் வாசகப்படி பேசிய இடமே கணக்கு என்று மாறுபட்டார். சட்ட வாசகத்தைப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் லைன் அறுந்து, சம்மதம் காதில் விழாமலே ஒருவர் மாட்டிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? பெரும்பான்மைத் தீர்ப்பே நடைமுறைக்கு ஒத்தது.

தாராவிக்காரருக்கு இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சென்னைக்காரர் விலை சொல்லி, இவர் ‘சரி’ என்றால் ஒப்பந்தம் சென்னையில் உருவாகிறது. ‘அண்ணாச்சி, பை ஒன்று 240 ரூபாய், பத்து டஜன், ஒன்றாந் தேதிக்குள் அனுப்பட்டுமா?’ என்று இவர் கேட்டு, அவர் ‘சரி, அனுப்புங்க’ என்றால் ஒப்பந்தம் மும்பையில்! பணம் எங்கே தர வேண்டும் என்பதையும் கோர்ட்டு பார்க்கும் என்றாலும், இதுவும் லேசான பிடி அல்ல. பேசி முடித்ததும் அதையே செல்போனில் ஒரு செய்தியாக அனுப்பிவைத்தால் சாட்சிக்கு ஆகும். மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாதபடி, 2008-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

ஆனால் 1872-ம் ஆண்டுச் சட்டத்தின் 4-வது பிரிவில் டெலிபோன் என்ற சொல்லே இன்றுவரை கிடையாது. தீர்ப்பைத் தேடிப் படிக்கச் சிறு வியாபாரியால் ஆகுமா? பார்லிமெண்டு அந்தப் பிரிவில் இரண்டு வரி சேர்த்தால் போதும். பிண்ணாக்கு வியாபாரத்தில், வழக்கு எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று முடிவாவதற்கே, பேசிய நாளிலிருந்து ஆறு வருஷம் ஆயிற்று.