செல்லடிக்கு முந்திய காட்சி

தேவதாஸை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நாகேஸ்வரராவின் முகத்தோடும் கண்டசாலாவின் குரலோடும்தான் அறிவார்கள். அந்தத் தமிழ்ப்படம் 1953இல் வந்தது. அதே கதையை 1955இல் பிமல் ராயும், 2002இல் சஞ்சய் லீலா பன்சாலியும் இந்தியில் எடுத்தார்கள். மூன்று படங்களுக்கும் மூலம் சரத்சந்திரர் 1917இல் வெளியிட்ட நாவல். குறும்படம் எடுக்க வெளிக்கிடும் எங்கள் பிள்ளைகள் இந்த இரண்டு இந்திப் படங்களின் தொடக்கத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கவேண்டும்.

பிமல் ராய் சிறுபிள்ளைகளில் தொடங்குகிறார். கிராமத்துப் பள்ளிக்கூடம், ஒரு குழப்படிக்காரப் பொடியன், அவன் பின்னாலேயே திரியும் ஒரு சிறுமி. நாவலின் ஒழுங்கும் இதுதான். அங்கே பார்வதி சேலைத் தலைப்பில் பொரியை முடிந்துகொண்டு, அவன் ஒளித்திருக்கும் தோப்புக்குப் போவாள். அவன் வைத்திருக்கச் சொல்லித் தந்த மூன்று ரூபாயையும் பாடிக்கொண்டு வந்த வைஷ்ணவப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவாள். படத்தில் அந்த இடம் பாவுல் பாடகர்களின் பாட்டாக விரிகிறது. பாட்டைக் கேட்டு நிற்கும் சிறுமியின் முகத்தை ராய் அவசரப்படாமல் காட்டுகிறார். கதைக்கு அது கட்டாயம் வேண்டிய இடமல்ல, வெட்டினாலும் கதை விளங்கும். ஆனால் பிறகு அவர்கள் பிரியும்போது எங்களுக்கு நோவதற்கு அந்த முகம்தான் காரணம்.

பன்சாலி பிள்ளைகளில் தொடங்கவில்லை. மகன் வருகிறான் என்ற செய்தி கேட்டு மாளிகை முழுக்க ஓடும் ஒரு தாயிடம் தொடங்குகிறார். நாவலில் கல்கத்தாவுக்குப் படிக்கப்போனவன் இங்கே லண்டனிலிருந்து பத்து வருடம் கழித்து வருகிறான். தாய் வாசலில் காத்திருக்க, அவனோ முதலில் பார்வதி வீட்டுக்குப் போய்விடுகிறான். இத்தனை வருடமும் அவனுக்காக ஒரு விளக்கை அணையாமல் காத்தவள் அவள். அவர்களின் பிள்ளைப்பருவம் நினைவுத் துண்டுகளாக மட்டும் வந்துபோகிறது.

அந்தத் தாயின் ஓட்டத்தை வன்னியில் இருந்துகொண்டு சும்மா பார்க்க முடியாது. படம் வந்த 2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஓமந்தை தாண்டி வரத் தொடங்கினார்கள். படலையடிக்கு ஓடிய தாய்மாரை இந்த மண் கண்டது. 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் பந்தல் போட்டிருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்ட தாய்மாரையும் கண்டது. இருந்தும் சொல்கிறோம்: பன்சாலியின் மாளிகையில் பிரிவு எங்களுக்குச் சொல்லப்படுகிறது, ராயின் கிராமத்தில் அதை நாங்களே படுகிறோம். இழக்கப்போவது என்னவென்று அவர் முதலில் கையில் தந்துவிடுகிறார்.

இதை எங்கள் குறும்படங்களுக்காகவே எழுதுகிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பிள்ளைகள் எடுத்தவற்றில் நாம் பார்த்த பெரும்பாலானவை செல்லடிச் சத்தத்தோடு தொடங்குகின்றன. இல்லாவிட்டால் பங்கரில், இல்லாவிட்டால் ஒரு புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கையில். ஓடுகிறவர் யார், எதை விட்டுவிட்டு ஓடுகிறார் என்று தெரியமுதலே அவரை இழந்துவிடுகிறோம். 2015இல் கானில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படமும் சடலங்களை ஓலை போட்டு எரிக்கும் இடத்தில்தான் தொடங்கியது. வெளியாருக்கு அது போதும். பன்சாலியின் படம் வந்த அதே 2002இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ மாங்குளத்தில் ஒரு கலியாணத்தோடு தொடங்கியது. அதை எடுத்த மணிரத்னத்தோடு எங்களுக்கு ஆயிரம் கணக்கு இருக்கிறது. ஆனாலும் ஓட்டத்துக்கு முன்னால் ஒரு வீட்டை வைக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போருக்கு முந்திய காலம் என்று ஒன்று எங்களுக்கு இருந்ததா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 90களில் இங்கே வளர்ந்த எவருக்கும் அப்படி ஒரு காலம் இல்லை. ஆனால் போருக்குள்ளேயே ஒரு வாழ்வு நடந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ பாடியது. மிதிக்கிறவர் களைத்தால் பாட்டும் இழுபடும், சுற்றியிருந்தவர்கள் சத்தம் போடுவார்கள், அடுத்தவர் ஏறி மிதிப்பார். பெற்றோலைச் சொட்டுவிட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்சைக்கிள்கள், மரத்தடி வகுப்புகள், இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும் நாள்: இவற்றில் எது எங்கள் படங்களில் முதற் காட்சியாக வந்திருக்கிறது?

செல்லை எடுத்துவிடச் சொல்லவில்லை. முள்ளிவாய்க்காலைப் பேசாமல் இங்கே ஒரு கலையும் நேர்மையாக இருக்க முடியாது. ஆனால் அங்கே கொண்டுபோகும் ஆளை முதலில் எங்களுக்குப் பழக்கிவிடுங்கள். அந்த றேடியோவுக்குச் சைக்கிள் மிதித்த பொடியனைத் தெரிந்தால்தான், பிறகு அவன் இல்லாத சைக்கிளைப் பார்க்கும்போது எங்களுக்கு ஏதாவது நடக்கும்.

அடுத்த இதழிலிருந்து இதற்கென்று நான்கு பக்கம் ஒதுக்குகிறோம். முழுத் திரைக்கதை வேண்டாம், முதற் காட்சி மட்டும் எழுதி அனுப்புங்கள். ஊரின் பெயர், யாருடைய வீடு, என்ன நேரம், யார் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது இருக்கட்டும். தாய்மாரிடமும் தாத்தாமாரிடமும் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. அவர்களுக்கு இப்போது வயது போய்க்கொண்டிருக்கிறது.