போதகரின் உடலும் சபையின் பொறுப்பும்
வட கரோலினாவின் மெதடிஸ்ட் போதகர்களிடம் டியூக் பல்கலைக்கழகம் 2008-இல் நடத்திய ஆய்வு பலரும் அறிந்ததுதான்: 35 முதல் 64 வயதுவரை உள்ளவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்கு உடற்பருமன், அந்த மாநிலத்தின் மற்றவர்களைவிடப் பத்துப் புள்ளி அதிகம். அதைவிட என்னை யோசிக்க வைப்பது, பின்னர் அவர்களுக்காக நடத்திய இரண்டாண்டு நலத்திட்டத்தின் முடிவு. வளர்சிதைமாற்றக் கோளாறு குறைந்தது. மன அழுத்தமோ குறையவில்லை. அப்படியானால் உடற்பயிற்சி வீணா? இல்லவே இல்லை, இதயத்தைக் காத்தாலே போதும். ஆனால் நள்ளிரவில் மருத்துவமனை அழைப்பு, விடிந்தால் சாவு வீடு, மாலையில் நிதிக்குழுச் சச்சரவு, இடையில் ஞாயிறு பிரசங்கத் தயாரிப்பு என்று நீளும் வாரத்தை அரைமணி நடை எப்படிக் கரைக்கும்? ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தவருக்கு ஓய்வும் உடற்பயிற்சியும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தின் முன்னோடி ஜான் வெஸ்லியே 1747-இல் வெளியிட்ட எளிய மருத்துவ நூலில் உடற்பயிற்சியை வலியுறுத்தியவர். குதிரையேறி ஊர் ஊராகப் போன அவருக்கு ஊழியமே உடலுழைப்பாகவும் இருந்தது. இன்றைய போதகருக்கு வாய்த்தவை காரும் மேசையும். ஆகவே அவருக்கு அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, வாரத்தில் ஒரு முழு நாளை அவருக்கே கொடுத்து, அன்றைய அவசர அழைப்புகளை யார் ஏற்பது என்பதைச் சபைக் கமிட்டி எழுத்தில் முடிவு செய்யட்டும்.