மாமனாரோடு ஒரு குழிப்பந்தாட்டம்



பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளைக்கு நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பாடங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். காலை ஆட்டாதே, பலகாரத்தை அள்ளி வாயில் போடாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். ஆனால், பெண்ணின் தகப்பனார் கோல்ஃப் விளையாட வரச் சொன்னால் என்ன செய்வது என்று எந்தப் பெரியவரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் என் அக்காள் மகன் சென்ற ஆண்டு ஜனவரி மாதம் என் வீட்டுக்கு வந்து நின்றான்.

பையன் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். பெண் அவனோடு வேலை பார்ப்பவள். அவளுடைய தகப்பனார் பட்டணத்தில் வசதியோடு இருப்பவர். ஞாயிறு தவறாமல் திடலுக்குப் போகிறவர். "ஒரு நாள் என்னோட விளையாட வா, பேசலாம்" என்று சொல்லிவிட்டார்.

"இதில் பயப்பட என்னப்பா இருக்கிறது? நீதான் கூட்டாளிகளோடு பழகியிருக்கிறாயே" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "அது இல்ல மாமா. அப்பா என்ன வேலை செஞ்சாருன்னு கேட்டாரு. எஸ்டேட்டுலன்னேன். ஆபீஸ்லயான்னு கேட்டாரு. நான் தலைய ஆட்டிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் அத்தானை எனக்குத் தெரியும். 1970களில் துரைமார் கிளப்பின் ஒன்பது குழித் திடலில் புல் வெட்டியவர் அவர். காலையில் புல் வெட்டு, மாலையில் துரைக்குப் பை தூக்கு. அத்தனை வருடத்தில் அந்தக் கோலை ஒருநாள்கூடத் தம் கையால் வீசியதில்லை.

இந்த ஆட்டம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் முன்பு தோல் பைக்குள் இறகைத் திணித்துப் பந்து செய்தார்கள். விலை அதிகம், மழையில் நனைந்தால் கெட்டுப் போகும். 1848-ஆம் ஆண்டு வாக்கில் அதன் இடத்துக்கு வந்தது கெத்தா பெர்ச்சா பந்து. அது நம் மலாயாக் காட்டில் வளர்ந்த தாபான் மரத்தின் பால். பெயரே மலாய்ப் பெயர்தான். அந்த மரத்தை நம் பால்மரம்போல் சீவி எடுக்கவில்லை. வெட்டிச் சாய்த்தே பாலெடுத்தார்கள். பிறகு 1898-இல் அமெரிக்காவில் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிச் செய்த பந்து வந்தது. கெத்தா பெர்ச்சா பந்தைவிட அது தூரம் பறந்தது. இன்றைய பந்தின் நடுப்பகுதி செயற்கை ரப்பர். பந்தில் பால் இருந்த காலத்தில், பால் எடுத்தவன் திடலுக்குள் புல் வெட்டவும் பை தூக்கவும்தான் போனான். சிலாங்கூர் கோல்ஃப் கிளப் தொடங்கியது 1893-இல். நம்மில் எத்தனை பேர் எத்தனை காலம் கழித்து அப்படிப்பட்ட இடங்களுக்குள் ஆட்டக்காரராக நுழைந்தோம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு முழு ஆட்டத்துக்கு 18 குழிகள். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். பையில் 14 கோல்களுக்கு மேல் இருக்கக் கூடாது. குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளிலும் பந்தைப் போடுகிறவர் வென்றார். தேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் 72 அடிகள் என்று கணக்கு. நடந்து ஆடினால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மனிதனோடு நாலு மணி நேரம் நடந்தால் அவன் குணம் தெரிந்துவிடாதா? பெண்ணைப் பெற்றவர் ஏன் கூப்பிட்டார் என்பது இப்போது புரிகிறதல்லவா?

நான் ஆட்டக்காரன் இல்லை. நாலு பேரிடம் விசாரித்துத்தான் பையனுக்குச் சில யோசனைகள் சொன்னேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒருநாள் உதவலாம்.

காலர் வைத்த சட்டை போட்டுக்கொள், ஜீன்ஸ் வேண்டாம். அரை மணி முன்னதாகப் போ. அடுத்தவர் கோலை ஓங்கும்போது பேசாதே, அசையாதே. பந்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள பாதையில் கால் வைக்காதே. புல் பெயர்ந்தால் எடுத்து வைத்து மிதித்துவிடு. மணல் குழியில் இறங்கினால் வாரிச் சமன்செய்துவிட்டு வா. அதைச் சரி செய்கிற தொழிலாளி யார் என்பது உனக்குத் தெரியும். பந்து தொலைந்தால் தேட மூன்று நிமிடம்தான். 2019-இலிருந்து அப்படி விதி. இடி மின்னல் வந்து சங்கு ஊதினால் வீரம் காட்டாமல் திடலை விட்டு வெளியேறு. ஆட்டக் கட்டணத்தை அவர் கட்டிவிட்டால், சாப்பாட்டுக் காசை நீ கொடு.

"அவரு ஜெயிக்கட்டும்னு விட்டுக் கொடுத்துடவா மாமா?" என்றான்.

"கூடாது" என்றேன். வேண்டுமென்றே தோற்பதும் ஒரு பொய்தான். அதற்கு ஆட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். 2020-இல் வந்த உலகக் கணக்குப்படி, புதியவர் 54 அடிகள் வரை கழித்துக்கொள்ளலாம். அதாவது குழிக்கு மூன்று. கற்றவரும் கற்றுக்குட்டியும் சமமாக நின்று ஆடலாம்.

"அந்த ஆபீஸ் விசயம்?" என்று தயங்கினான். "அதை நான் சொல்ல முடியாது, தலையாட்டியது நீ" என்று அனுப்பிவிட்டேன்.

ஆட்டத்துக்கு முதல் நாள் பையன் வீட்டில் பாயின் மேல் பந்தை உருட்டிப் பழகிக்கொண்டிருந்தானாம். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எங்கே, யாரோடு விளையாடப் போகிறான் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாய்ல உருட்டி என்னா புண்ணியம்? புல்லப் பாருடா. உன் நிக்கிற எடத்துலேருந்து மினுமினுன்னு தெரிஞ்சா புல்லு அந்தப் பக்கமா சாஞ்சிருக்கு, பந்து ஓடும். கறுத்துத் தெரிஞ்சா புல்லு உன்னப் பாத்து நிக்கிது, பந்து நின்னுடும், கொஞ்சம் அழுத்தி அடிக்கணும்" என்றாராம். பையனுக்கு ஆச்சரியம். அந்த வேலையைப் பற்றித் தகப்பன் மகனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் போனார்கள். அந்தத் திடலே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். ஓரத்தில் பழைய பால்மரங்கள் ஒரு வரிசை விட்டு வைத்திருந்தார்கள். பிப்ரவரி மாதம், இலை கொட்டும் காலம். ஏழாவது குழியில் பையனின் பந்து சருகுக்குள் போய்விட்டது. கண்டுபிடித்து, ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்தான். பந்து நாலு விரல் நகர்ந்துவிட்டது. பெரியவர் முப்பது அடி தூரத்தில் முதுகைக் காட்டி நிற்கிறார். ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த ஆட்டத்தில் ஆளுக்கு ஆள் நடுவர் கிடையாது. அவரவர் தப்பை அவரவரே சொல்ல வேண்டும். பையன் பந்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "அங்கிள், இலையை எடுக்கையில பந்து நகர்ந்திடுச்சு. ஒரு அடி கூட்டிக்குங்க" என்றான். பெரியவர் தலையசைத்து அட்டையில் எழுதிக்கொண்டார்.

பதினோராவது குழி. பந்தும் குழியும் இருபது அடி தூரம். பையன் குனிந்து புல்லைப் பார்த்தான், கறுத்துத் தெரிந்தது. அழுத்தி அடித்தான். பந்து போய்க் குழிக்குள் விழுந்தது. பெரியவர், "பரவாயில்லையே! யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

கூட்டாளி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சற்று முன்புதான் நாலு விரல் நகர்ந்த பந்துக்கு உண்மை சொன்ன வாய். பையன் சொன்னான்: "எங்கப்பா. துரைங்க திடல்ல புல்லு வெட்டினவரு. ஆபீஸ்ல வேலை பாக்கல. அன்னைக்கு நான் தலையாட்டினது தப்பு."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு குழிகள் முழுக்க வாயைத் திறக்கவில்லையாம். பையனுக்குக் கோல் பிடித்த கை நடுங்கியிருக்கிறது. மூன்று பந்தைத் தண்ணீரில் விட்டான். ஆட்டம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பெரியவர் வாயைத் திறந்தார்.

"பந்து நகர்ந்தத அப்பவே சொன்ன. இத மட்டும் ஏன் இத்தனை நாள் வச்சிருந்த? இதுக்கும் ஒரு அடி கூட்டிக்க." சொல்லிவிட்டு, "அப்பாவ எப்ப வந்து பாக்கலாம்?" என்று கேட்டாராம்.

நிச்சயதார்த்தத்தன்று நானும் போயிருந்தேன். பெரியவர் என் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் புல்லுக்கு எப்போது தண்ணீர், மழைக்குப் பிறகு எத்தனை நாள் கழித்து வெட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கூட்டத்தில் வாய் திறக்காத அத்தான், அன்று ஒரு மணி நேரம் பேசினார். அக்காள் கதவோரம் நின்று கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அன்பர்களே, எல்லாச் சம்பந்தமும் இப்படி முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையைக் கேட்டதும் முகம் சுளிக்கிற சம்பந்திகளும் உண்டு. அப்படிப்பட்டவர்களைக் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது மேல்.

பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. பால் வெட்டினோம், மருந்து அடித்தோம், புல் வெட்டினோம் என்பதை நாமும்தான் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்தோம். நாம் வெட்கப்பட்டதைப் பார்த்துத்தானே அவர்களும் வெட்கப்படக் கற்றுக்கொண்டார்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடிந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீங்கள் செய்த வேலையை, அதன் நுணுக்கத்தைச் சொல்லுங்கள். அவர்களுக்கு எந்தத் திடலில் அது கைகொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்?