ஜன்னலைத் தட்டும் கேத்தரின்

பனி கொட்டும் இரவு. ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் கை. உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிறது, என்றோ இறந்துபோன கேத்தரினின் ஆவி!

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நடக்கும் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல், 1847-ல் ‘எல்லிஸ் பெல்’ என்ற புனைபெயரில் வந்தது. எழுதியவர் எமிலி ப்ரான்டே. எழுத்தில் அபார வேகம் என்று சிலர் வியந்தார்கள். கதை முழுக்கக் கொடூரம் என்று பலர் முகம் சுளித்தார்கள்.

அடுத்த ஆண்டே, 30 வயதில் எமிலி இறந்துபோனார். அவருடைய எழுதுபெட்டிக்குள் ஐந்து விமர்சனங்கள் இருந்தன. பாராட்டோடு திட்டையும் சேர்த்தே பத்திரப்படுத்தியிருந்தார்!

வாசகர்கள் இன்றும் இரண்டு கட்சிதான். சாவுக்குப் பிறகும் விடாத காதல் என்று உருகுகிறது ஒரு கட்சி. காதலி கிடைக்காத ஆத்திரத்தில் இஸபெல்லாவைக் கட்டிக்கொண்டு வதைத்தவனை எப்படி மன்னிப்பது என்று கேட்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் நாவலிலேயே சாட்சி உண்டு. கேத்தரினின் முகம் பார்க்கச் சவப்பெட்டியைத் திறந்த அதே ஹீத்கிளிஃப்தான், இஸபெல்லாவின் நாயைக் கைக்குட்டையில் தொங்கவிட்டவன்.

வந்தது ஆவியா, வெறும் கனவா? அதையும் எமிலி சொல்லவில்லை. வீட்டில் இருவர் படித்தால், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சண்டை உறுதி!