வெயில் தீ மூட்டுவதில்லை

மன்னார்த் தீவில் சோளகக் காலத்தில் ஒரு பனங்கூடல் எரிந்தால், அணைக்க ஓடிய சனம் வீடு திரும்புமுன்பே காரணமும் முடிவாகிவிடும்: “கடும் வெயில், தானாப் பத்தீட்டுது.” அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை.

இந்த நம்பிக்கை பிழை. அதோடு, தீ வைத்தவரைக் காப்பாற்றும் நம்பிக்கை.

காய்ந்த ஓலை பற்ற 200 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். மன்னாரின் மிகக் கொடிய பகலிலும் காற்றின் வெப்பம் 40ஐத் தொடுவதே அரிது. கால் வைக்க முடியாத சுடுமணல்கூட அந்த 200இல் பாதியை எட்டாது. மின்னல் தீ மூட்டும், உண்மை. ஆனால் இங்கே இடிமின்னல் பெரும்பாலும் சித்திரையிலும் ஐப்பசியிலும் மழையோடு வருவது. ஆடி மாதத்து வறண்ட காற்றில் எரியும் கூடலுக்கு அதைச் சாட்டமுடியாது. பிறகு மிஞ்சுவது மனிதக் கைதான்: வளவு கூட்டிய குப்பைக்கு வைத்த நெருப்பு, அணைக்காமல் எறிந்த பீடி, காணி துப்புரவாக்கவோ புதுப்புல் முளைக்கவோ கொளுத்தியது. சோளகம் அந்தத் தீயைக் கொண்டு ஓடும், அவ்வளவுதான்.

வேறிடத்தில் இப்படித் தீ வந்தால் எப்படி விசாரிக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனா மன்னாரைவிட வெக்கையான பாலை நிலம். 2020 ஜூனில் அங்குள்ள டொன்டோ தேசிய வனத்தில் 193,000 ஏக்கருக்கும் மேல் எரிந்தது. வெயிலின் உச்சம், ஆனாலும் வெயில்தான் காரணமென்று அங்கே கோப்பை மூடவில்லை. தேடினார்கள். வீதியோரம் எரிந்த ஒரு வாகனத்திலிருந்து தீ பரவியதென்று கண்டார்கள்.

“பனை நெருப்புக்குச் சாகாது, மழைக்குத் துளிர்க்கும்” என்றும் ஆறுதல் சொல்கிறார்கள். நெடிய பனையின் அடி கருகினாலும் அது பிழைப்பதைப் பார்த்த பேச்சு இது. பனைக்கு உயிர் உச்சியிலிருக்கும் ஒற்றைக் குருத்தில். அது வெந்தால் மரம் முடிந்தது. பக்கக் கிளை விட்டுத் தப்ப அதற்கு வழியில்லை. வெட்டாமல் தொங்கும் காவோலை வழியே தீ அந்தக் குருத்துக்கு ஏறும். காவோலையும் மட்டையும் நிலம் தொட நிற்கும் வடலிக்கோ ஏறவும் தேவையில்லை. அந்த வடலி பாளை தள்ளப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். நுங்கும் ஒடியலும் போகட்டும், பெட்டி பின்னும் பெண்ணின் ஓலையும் சீவுபவரின் பிழைப்பும் மணலைப் பிடித்துவைத்த வேரும் சேர்ந்தே போகின்றன. போரில் பதுங்குகுழிக்கென்று தறித்த பனைகளையே வடக்கு இன்னும் ஈடுசெய்யவில்லை.

நின்ற பனையை வெட்ட அனுமதி வேண்டும். எரிந்த பனைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. இந்த இடைவெளியைத் திறந்துவைத்திருப்பது நம்முடைய “தானாப் பத்தீட்டுது” என்ற ஒரு சொல்தான். கிராம அலுவலரும் பிரதேச சபையும் பொலிசும் அடுத்த தீயை விபத்தென்று எழுதுமுன் அது எங்கே தொடங்கியது, அன்று அங்கே யார் எதைக் கொளுத்தினார்கள் என்று விசாரிக்கவேண்டும். கண்டவர்கள் வாய் திறக்கவேண்டும்.