கரூர் சாலைக்கு ஓரம் போடுங்கள்

திருச்சியில் குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் கரூர் சாலை காவிரியின் தென்கரையை ஒட்டிக்கொள்கிறது. முத்தரசநல்லூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை, குளித்தலை, மாயனூர் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. வடக்கே ஆறு; தெற்கே வாய்க்கால், வாழைத்தோப்பு, ஈரோடு ரயில் பாதை. இந்த இடுக்கில்தான் தேசிய நெடுஞ்சாலை 81 போகிறது. முன்பு 67, எண் மாறியது, சாலை மாறவில்லை.

இதை நான்குவழியாக்கச் சொல்பவர்களின் ஆத்திரம் நியாயமானதே. லாரியை முந்தப் போய் எதிரே வரும் பஸ்ஸில் மோதிச் செத்தவர் வீட்டில் நின்று வாய்க்காலைப் பற்றிப் பேச முடியாது. ஆனாலும் இந்தத் தடத்தில் நான்குவழி கூடாது என்றே சொல்கிறோம்.

அகலப்படுத்த இடம் எங்கே? வடக்கே நகர்ந்தால் ஆற்றங்கரை போகும். தெற்கே நகர்ந்தால் பெட்டவாய்த்தலையில் பிரிந்துவரும் உய்யகொண்டான் வாய்க்காலும் அதன் பாசனமும் அடிபடும். சாலையை மேடாக்கி, மதகுகளைக் குறுக்கிவிட்டால் மழைநீர் வாழைக்கட்டையில் நிற்கும். தேங்கிய நீரை வாழை பொறுக்காது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவர் கதை இன்னும் மோசம். இழப்பீடு பட்டாவைத் தேடிப் போகும், மண்வெட்டியைத் தேடிப் போகாது. 1957-ல் குளித்தலையில் வென்று முதன்முறையாகச் சட்டமன்றம் போன மு. கருணாநிதி, நங்கவரம் உழவர்களுக்காகத்தான் குரல் எழுப்பினார். அதே மண்ணில் உழுபவரைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு திட்டம் வரக்கூடாது.

கோவைக்கும் தஞ்சைக்கும் ஓடும் கனரக வண்டிகளுக்குக் காவிரிப் பாசனத்துக்கு வெளியே, தெற்கே தோகைமலைப் பக்கத்துப் புன்செய் மேட்டில் புதுத் தடம் பாருங்கள். செலவு கூடும், அங்கேயும் நிலம் இழப்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் முதலிலேயே பேசுங்கள்.

அதுவரை ஆற்றோரச் சாலை, அதில் நடப்பவர்களுக்குத் தகுந்தபடி இருக்கட்டும். வாழைத்தார் கட்டிய சைக்கிள்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் ஆகியோர் ஒதுங்க இடமில்லை. லாரி ஒலி எழுப்பினால் தார் விளிம்பிலிருந்து பள்ளத்தில் சறுக்க வேண்டியதுதான். இருபுறமும் கெட்டியான ஓரம், பஸ் ஒதுங்கி நிற்க இடம், ஊர் முகப்பில் விளக்கு, பள்ளி நேரத்தில் லாரிகளுக்குத் தடை: எதற்கும் பெரிய நிலமெடுப்பு வேண்டாம்.

ஆடிப் பதினெட்டன்று இந்தச் சாலையோரம் முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஆற்றுக்கு இறங்குவார்கள். அடுத்த ஆடிக்குள், படித்துறைக்குத் திரும்பும் இடங்களிலாவது நெடுஞ்சாலைத் துறையினர் தார் விளிம்பை மண்ணோடு சமன்செய்து முடிக்கட்டும்.